காதைக் குத்தும் ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்குவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். பதில் முழுவதும் அதிலுள்ள விவரங்களைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறது. ஆறரை அங்குல வூஃபரும் (தாழ்ந்த, நடு ஒலிகளுக்கான யூனிட்) அலுமினிய ட்வீட்டரும் (உயர்ந்த ஒலிகளுக்கான சிறிய யூனிட்) உள்ள ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு எட்டு ஆண்டுப் பழைய ஏ.வி. ரிசீவர் (படத்துக்கும் பாட்டுக்குமான, ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய பெட்டி), 14 அடிக்கு 12 அடி கூடம், மேலே பத்தடி உயரத்தில் கான்கிரீட் தளம், கீழே விட்ரிஃபைடு டைல்ஸ். பெண் குரலும் வயலினும் காதைக் குத்துகின்றன, பாட்டில் ‘ஸ’வும் ‘ஷ’வும் சீறுகின்றன, இரவில் மெல்லக் கேட்டாலும் தொல்லை தீரவில்லை, அரை மணி நேரத்தில் காது களைத்துப்போய் அணைத்துவிடுகிறீர்கள். கடைக்காரர் ‘வார்ம்’ ஆன, அதாவது உயர்ந்த ஒலிகள் உறுத்தாத, ஆம்ப்ளிஃபயர் என்று ஒன்றைக் காட்டுகிறார். உங்கள் மைத்துனர், டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தவிர வேறு வழியில்லை என்கிறார். கையில் அறுபதாயிரம் ரூபாய் இருக்கிறது, எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தை இந்த மாதம் தொடாதீர்கள். ஆம்ப்ளிஃபயரால் ஸ்பீக்கரின் குத்தலைக் குறைக்க முடியும்தான், ஆனால் அது நடக்கும் வழிகள் மூன்றே மூன்று. அந்த மூன்றில் எதுவும் ‘வார்ம்’ என்ற பெயரைக் கேட்டு வாங்குவதால் கிடைப்பதில்லை. உங்கள் கூடத்தின் விவரத்தைப் படிக்கும்போது, குற்றவாளி ஆம்ப்ளிஃபயர் அல்ல என்று எனக்குப் பெரும்பாலும் உறுதியாகவே தோன்றுகிறது.

‘குத்துகிறது’ என்று நாம் சொல்வது எந்த இடத்தில் நிகழ்கிறது என்று பார்ப்போம். நம் காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை செவிப்பறையால் அடைபட்ட குழாய். அப்படிப்பட்ட குழாய் 3,000 முதல் 3,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத் தானாகவே பெருக்கிக் காட்டும். 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்புக் கோடுகள் (வெவ்வேறு அலைவெண்கள் ஒரே உரப்பாகக் கேட்க எவ்வளவு ஒலி வேண்டும் என்று காட்டுபவை) அந்தப் பகுதியில்தான் பள்ளமாக இறங்குகின்றன; அதாவது மிகக் குறைந்த ஒலியே அங்கே நமக்குப் போதும். குழந்தையின் அழுகைக்கும் எவர்சில்வர் தட்டு கீழே விழும் ஓசைக்கும் நாம் உடனே திரும்பிப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை ஸ்பீக்கரோ அறையோ இரண்டு டெசிபெல் கூடுதலாகக் கொடுத்தால், பேஸில் அதே இரண்டு டெசிபெல் செய்யாத தொல்லையை அது செய்யும். ‘ஸ’, ‘ஷ’ சீறுவது இதற்கு மேலே, ஏறத்தாழ 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரையில். உங்களுக்கு இரண்டும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். ஒழுங்காக வடிவமைத்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் எதை எடுத்து அளந்தாலும், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதன் வெளியீட்டுக் கோடு கிட்டத்தட்ட நேராகத்தான் இருக்கும். ஏற்ற இறக்கம் டெசிபெல்லில் சில பத்தில் ஒரு பங்குதான். நல்ல பெயர் பெற்ற ஸ்பீக்கர்களுக்குள்ளேயே மூன்று நான்கு டெசிபெல் வேறுபாடு சாதாரணம். அறையைச் சேர்த்தால் பத்து டெசிபெல்கூடத் தாண்டும். இந்தக் கணக்கில் அரை டெசிபெல்கூட வராத ஒரு பெட்டியை மாற்றி மற்ற இரண்டையும் சரிசெய்யப் பார்ப்பது, உப்பு கூடிப்போன குழம்பை வேறு கிண்ணத்தில் ஊற்றிப் பார்ப்பது போன்றது.

ஆனாலும் வால்வு ஆம்ப்ளிஃபயர் வேறு மாதிரி ஒலிக்கிறது என்று சொல்பவர்கள் எல்லோரும் பிரமையில் பேசுவதில்லை. அங்கேதான் முதல் வழி இருக்கிறது. மாறுமின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் தடையே மின்மறுப்பு; ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் வெளியீட்டு மின்மறுப்பு என்று ஒன்று உண்டு. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அது 0.1 ஓம்முக்கும் குறைவு. பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளே திருப்பிப் பிழையைத் திருத்தும் ஏற்பாடு) குறைவாக உள்ள வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் 2, 3 ஓம்கூட இருக்கும். ஸ்பீக்கர் பெட்டியில் ‘8 ஓம்’ என்று அச்சிட்டிருந்தாலும் அது ஒரே எண்ணாக நிற்பதில்லை. அலைவெண்ணுக்கு ஏற்ப 4 ஓம்முக்கு இறங்கி 20 ஓம்முக்கு ஏறும். வெளியீட்டு மின்மறுப்பு 2 ஓம் உள்ள ஆம்ப்ளிஃபயரை அத்தகைய ஸ்பீக்கருடன் இணைத்தால், மின்மறுப்பு 4 ஓம்மாக இருக்கும் இடத்தில் 3.5 டெசிபெல் இழப்பு, 20 ஓம்மாக இருக்கும் இடத்தில் வெறும் 0.8 டெசிபெல் இழப்பு. வித்தியாசம் 2.7 டெசிபெல், இது யார் காதுக்கும் கேட்கும். அதே கணக்கை 0.1 ஓம்முக்குப் போட்டால் வித்தியாசம் 0.2 டெசிபெல்லுக்கும் கீழே போய்விடும். சுருங்கச் சொன்னால், வெளியீட்டு மின்மறுப்பு அதிகமுள்ள வால்வு ஆம்ப்ளிஃபயர் உங்கள் ஸ்பீக்கரின் மின்மறுப்புக் கோட்டை அப்படியே ஒலியின் மீது வரைந்துவிடும்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் ஸ்பீக்கரின் மின்மறுப்பு எங்கே ஏறுகிறது என்பதே. இரண்டு யூனிட் கொண்ட ஸ்பீக்கர்கள் பலவற்றில் வூஃபரும் ட்வீட்டரும் கைமாறும் கிராஸ்ஓவர் பகுதியை ஒட்டி, 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையில், ஒரு மேடு இருக்கும். அதாவது நீங்கள் எந்த இடத்தைத் தணிக்க விரும்புகிறீர்களோ, அதே இடத்தை வால்வு ஆம்ப்ளிஃபயர் தூக்கிக் கொடுக்க வாய்ப்பு உண்டு.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலும் இதே புகார், இதே நம்பிக்கை. ஒரு சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயரை வாங்கி வந்து, விளக்கை அணைத்துவிட்டு, அந்தக் குழாய்கள் செம்மஞ்சளாகக் கனல்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஒரு வாரம் ஒலி இனித்தது. இரண்டாவது வாரம் வயலின் முன்பைவிட முன்னால் வந்து நிற்கிறது என்று மனைவி சொன்னாள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நண்பர் அளவு மைக்கைக் கொண்டுவந்து வைத்தபோது 2,400 ஹெர்ட்ஸுக்கு அருகே ஏறத்தாழ இரண்டு டெசிபெல் மேடு புதிதாக முளைத்திருந்தது. ஸ்பீக்கரின் மின்மறுப்புக் கோட்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே இடத்தில் அதே வடிவ மேடு. அந்த ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொருத்தம் பார்க்காமல் கட்டி வைத்தது என் தவறு. வேறு ஸ்பீக்கருடன் அது இன்றும் ஒரு நண்பர் வீட்டில் நன்றாகவே பாடுகிறது.

வால்வின் ‘இனிமை’ பெரும்பாலும் இப்படிப்பட்ட, அளந்தறியக்கூடிய சங்கதிகள்தாம் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1985-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் என்ற ஆடியோ இதழின் சவாலை ஏற்று, தம்முடைய விலை குறைந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் போல ஒலிக்கச் செய்தார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சம் கேட்காத அளவுக்குத் தேயும்வரை சுற்றைத் திருத்திக்கொண்டே போனதுதான் அவர் செய்தது. முடிவில் இதழின் ஆசிரியர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. வால்வின் இரண்டாம் ஹார்மானிக் சிதைவும் (மூல ஒலியோடு அதன் இரு மடங்கு அலைவெண்ணும் சேர்ந்துகொள்வது) ஒலிக்குக் கொஞ்சம் சதைப்பற்றுச் சேர்க்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது ஏற்கெனவே உள்ள ட்ரெபிளைக் குறைக்காது. சேர்ப்பது வேறு, கழிப்பது வேறு.

இரண்டாவது வழி, முனை மழுங்குதலை, அதாவது கிளிப்பிங்கை, தவிர்ப்பது. ஆம்ப்ளிஃபயரின் சக்தி போதாமல் அலையின் உச்சி வெட்டுப்படும்போது, இல்லாத உயர் அலைவெண்கள் புதிதாக உருவாகிக் காதைக் கீறும். உங்கள் கூடத்துக்கு ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். இந்த அளவிலான ஸ்பீக்கர் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் தரும் என்று கொண்டால், மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் உங்களுக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் அறையின் எதிரொலியும் சேர்ந்து ஏறத்தாழ 81 டெசிபெல் வரும். வீட்டில் நிறைவாகக் கேட்கும் சராசரி அளவு அதுவே. அதற்கு ஒரு வாட் போதும். மிருதங்கத்தின் ஒரு சாப்பு, தவிலின் ஓர் அடி என உச்சங்கள் சராசரிக்கு மேல் 15 முதல் 20 டெசிபெல் ஏறும். 100 டெசிபெல்லைத் தொட வேண்டுமானால் 80 வாட் தேவை. உங்கள் ரிசீவர் இரண்டு சேனலை மட்டும் ஓட்டும்போது ஏறத்தாழ அதைத் தரக்கூடியதுதான்.

கிளிப்பிங் இருக்கிறதா என்று அறிய கருவி எதுவும் வேண்டாம். பேசிக்கொண்டே கேட்கும் அளவுக்கு வால்யூமைக் குறைத்துவிட்டு அதே பாட்டைப் போடுங்கள். அப்போதும் குத்தினால் சக்திக் குறைவு காரணமல்ல. சத்தம் கூட்டும்போது மட்டும், அதுவும் உச்சங்களில் மட்டும் கரகரத்தால் காரணம் அதுவே. நீங்கள் இரவில் மெல்லக் கேட்டாலும் தொல்லை இருப்பதாக எழுதியிருப்பதால், இந்த வழியை நான் தள்ளிவிடுகிறேன். 1978-இல் வந்த என்ஏடி 3020 என்ற 20 வாட் ஆம்ப்ளிஃபயர் ‘மென்மையானது’ என்று பெயர் வாங்கியதற்கு ஒரு காரணம், அதில் இருந்த சாஃப்ட் கிளிப்பிங் சுற்று. சக்தி தீரும் இடத்தில் அலையைச் சட்டென்று வெட்டாமல் வளைத்துவிடும் ஏற்பாடு அது. எல்லைக்குள் ஓடும்போது அந்தச் சுற்றுக்கு வேலையே இல்லை.

இதனோடு சேர்த்து, டிரான்சிஸ்டரைச் சுவிட்ச் போல வேகமாக இயக்கி வேலை செய்யும், இப்போது மலிவாகக் கிடைக்கும் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவற்றின் வெளியீட்டில் ஒரு சுருளும் மின்தேக்கியும் கொண்ட வடிகட்டி உண்டு. விலை குறைந்த பலகைகளில் அந்த வடிகட்டி பின்னூட்டத்துக்கு வெளியே நிற்பதால், ஸ்பீக்கரின் மின்மறுப்பு மேலே ஏற ஏற 20,000 ஹெர்ட்ஸை நெருங்கும் பகுதியும் ஒரு டெசிபெல் அளவுக்கு ஏறிவிடும். நாற்பது வயதைக் கடந்த காதுக்கு அதில் பெரிதாகக் கேட்க ஒன்றுமில்லை என்றாலும், ஏற்கெனவே மேல்பக்கம் எடுப்பான ஸ்பீக்கருக்கு இதைச் சேர்க்கத் தேவையில்லை.

ஆகவே மிஞ்சுவது மூன்றாவது வழி: ஒலியை வேண்டுமென்றே திருத்தும் கட்டுப்பாடுகள். அதற்கு வருமுன் உங்கள் கூடத்துக்குள் ஒருமுறை போய்வர வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் உட்காரும் இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் ‘ஜிங்’ என்று ஒரு வால் நீண்டால், அதே வால் ஒவ்வொரு ‘ஸ’வுக்கும் ஒவ்வொரு வயலின் வில்லுக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹார்வர்டில் 1890-களில் வாலஸ் சபைன் கண்ட எளிய சூத்திரம் இன்றும் இதற்குப் போதும்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால், ஒலி அடங்க எடுக்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். உங்கள் கூடம் ஏறத்தாழ 48 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்து 80 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸும் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும். ஒரு சோபாவையும் இரண்டு ஆட்களையும் சேர்த்துக்கொண்டாலும் ஒலி அடங்க 1.7 விநாடிக்கு மேல் ஆகிறது. இதே கூடத்தில் ஆறு சதுர மீட்டருக்குக் கனமான மடிப்புத் திரையும் நான்கு சதுர மீட்டருக்குத் தடித்த கம்பளமும் போட்டால், நடு, உயர் அலைவெண்களில் அது 0.85 விநாடி அளவுக்கு, அதாவது பாதியாக, இறங்குகிறது. வீட்டில் இசை கேட்க அரை விநாடியைச் சுற்றி இருப்பது வசதி. புத்தக அலமாரி ஒன்றையும் பின்சுவரில் வைத்தால் அதை இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். எந்த ஆம்ப்ளிஃபயரும் இந்த மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் செய்யாது.

ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து செய்யும் இன்னொரு சதியும் இருக்கிறது. 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 சென்டிமீட்டர். உங்கள் வூஃபரின் குறுக்களவும் கிட்டத்தட்ட அதுவே. அந்த அளவை எட்டும்போது வூஃபர் ஒலியை டார்ச் விளக்குப் போல முன்னோக்கிக் குவிக்கத் தொடங்குகிறது. அதற்குச் சற்று மேலே பொறுப்பை ஏற்கும் ட்வீட்டரோ ஓர் அங்குலம்தான், அது நாலாபக்கமும் தாராளமாக வாரி இறைக்கும். ஆக, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே வைத்து அளந்தால் கோடு நேராக இருக்கும். பக்கச் சுவருக்குப் போகும் ஒலியில் மட்டும் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு வீக்கம் இருக்கும். திரையும் கம்பளமும் உள்ள அறையில் அந்த வீக்கம் வழியிலேயே கரைந்துவிடுகிறது; டைல்ஸும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் அது அப்படியே திரும்பி வந்து காதில் விழுகிறது. கனடாவின் ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தில் ஃப்ளாய்ட் டூல் நடத்திய கேட்புச் சோதனைகள் 1980-களிலேயே இதைத் தெளிவாக்கின: கேட்பவர்களுக்குப் பிடித்த ஸ்பீக்கர்கள், நேர் எதிரே மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் ஒரே சீராக ஒலித்தவை. கடையில் கம்பளம் விரித்த அறையில் உங்களுக்குப் பிடித்த அதே ஸ்பீக்கர் வீட்டில் குத்துவதற்கு இதைவிடப் பெரிய மர்மம் தேவையில்லை.

இதைச் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு கம்பளியை விரியுங்கள். பக்கச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, உங்கள் இருக்கையிலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி வையுங்கள். வீடு அரை மணி நேரம் அலங்கோலமாக இருக்கும், அவ்வளவுதான். பிறகு உங்களைத் தொல்லைப்படுத்தும் அதே பாட்டைக் கேளுங்கள். பாதிக் குத்தலாவது போய்விட்டால், உங்கள் அறுபதாயிரத்தில் எட்டோ பத்தோ திரைச்சீலைக் கடைக்குப் போகவேண்டியது என்று பொருள். மெல்லிய நைலான் திரை பயன்படாது. துணி கனமாக, ஜன்னலின் அகலத்தைப் போல இரு மடங்கு இருந்து மடிப்பு மடிப்பாகத் தொங்க வேண்டும்.

அடுத்து, ஸ்பீக்கரின் முகத்தைத் திருப்புங்கள். இரண்டும் இப்போது உங்கள் மூக்கை நோக்கி இருந்தால், நேராக எதிர்ச்சுவரைப் பார்க்கும்படி வைத்துக் கேளுங்கள். ஓர் அங்குல ட்வீட்டர் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பக்கவாட்டில் குறைந்துகொண்டே போகும் என்பதால், ‘ஸ’வின் சீறல் தணியும். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் இதனால் பெரிதாக மாறாது; இரண்டு தொல்லைக்கும் மருந்து ஒன்றல்ல என்று முன்பு சொன்னது இதனால்தான்.

இனிக் கட்டுப்பாடுகள். உங்களிடம் இருக்கும் ரிசீவரை முதலில் நோண்டுங்கள். தொலைக்காட்சியிலிருந்தோ செட்டாப் பெட்டியிலிருந்தோ ஒலி வருகிறதென்றால், வசனம் தெளிவாகக் கேட்பதற்கான ஒலி அமைப்பு அதில் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது தூக்கிவிடுவது சரியாக இந்தக் குத்தும் பகுதியைத்தான். அடுத்து, ரிசீவருடன் வந்து அட்டைப்பெட்டியிலேயே தூங்கும் மைக்கை எடுத்து, அறையை அளந்து ஒலியைச் சரிசெய்யும் அறைத் திருத்தத்தை ஓடவிடுங்கள். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் வரும் ஆடிஸி என்ற அறைத் திருத்தத்தில் ‘ரெஃபரன்ஸ்’, ‘ஃப்ளாட்’ என்று இரண்டு கோடுகள் உண்டு. முதலாவது உச்ச ட்ரெபிளை மெல்லச் சரித்து, 2,000 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒரு சிறு பள்ளமும் வைக்கும். உங்களுக்கு வேண்டியது அதுவே. யமஹாவின் அறைத் திருத்தமான ஒய்பிஏஓவில் ‘நேச்சுரல்’ என்பது ஏறத்தாழ அதே நோக்கத்துக்கு உரியது. கடைக்காரர் அறுபதாயிரத்துக்கு விற்க முனையும் ‘வார்ம்’ உங்கள் வீட்டிலேயே ஒரு மெனுவுக்குள் ஒளிந்திருக்கக்கூடும்.

ஸ்பீக்கரின் பின்பக்கம் இரண்டு முனைகளுக்குப் பதிலாக நான்கு இருந்தால், இன்னும் நேரடியான வைத்தியம் ஒன்று உண்டு. மேல் ஜோடி வழக்கமாக ட்வீட்டருக்கு, கீழ் ஜோடி வூஃபருக்கு; இரண்டையும் ஒரு பித்தளைத் தகடு இணைத்திருக்கும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒயரைக் கீழ் ஜோடியில் மாட்டி, சிவப்பு முனைகளுக்கு நடுவேயுள்ள தகட்டை மட்டும் கழற்றி, அந்த இடத்தில் 1 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை முறுக்கி மாட்டுங்கள். சுண்ணாம்புக் கட்டியைப் போல வெள்ளையாக, இரு முனையிலும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் அது. சென்னை ரிச்சி தெருவில் எந்த உதிரிபாகக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ட்வீட்டர் பக்கம் 6 ஓம் என்றால் இதனால் 1.3 டெசிபெல்லும், 8 ஓம் என்றால் 1 டெசிபெல்லும் குறையும். எண்ணைப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். ட்வீட்டர் பாடும் பகுதி முழுவதும் ஒரு டெசிபெல் இறங்குவது காதுக்கு அற்பமாகத் தோன்றாது. பிடிக்கவில்லையென்றால் பழையபடி தகட்டை மாட்டிக்கொள்ளலாம். நான் இன்றும் என் ஸ்பீக்கரில் இதைத்தான் வைத்திருக்கிறேன்; பார்க்க வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், கேட்டுவிட்டுச் சிரிப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் புதிய ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும், ரிசீவர் பழசாகிவிட்டது என்றால், மறுக்கமாட்டேன். ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். வெளியீட்டு மின்மறுப்பு குறைவாக, 4 ஓம்மில் தடுமாறாத, ஒரு பக்கத்துக்கு 60 முதல் 100 வாட் உள்ள, எல்லாவற்றுக்கும் மேலாகத் திருத்தும் கட்டுப்பாடுகள் உள்ள ஆம்ப்ளிஃபயரைத் தேடுங்கள். ‘தூய்மை’ என்ற பெயரில் பேஸ், ட்ரெபிள் குமிழ்களையே நீக்கிவிட்ட ஆம்ப்ளிஃபயர்கள், உங்கள் நிலையில் இருப்பவருக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். 1952-இல் பீட்டர் பேக்ஸண்டால் வெளியிட்ட டோன் கண்ட்ரோல் சுற்றின் வாரிசுதான் இன்றும் பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் இருக்கிறது. அதன் ட்ரெபிள் குமிழ் 10,000 ஹெர்ட்ஸில் நன்றாக வேலை செய்யும், 3,000 ஹெர்ட்ஸில் பாதி மனத்தோடுதான் வேலை செய்யும். எனவே ‘ஸ’வை அது அடக்கும்; வயலினின் குத்தலை ஓரளவுதான் குறைக்கும். யமஹா ஏ-எஸ்301 போன்றவற்றில் தனியாகச் சுழலும் லவுட்னெஸ் குமிழ் ஒன்று உண்டு. பேஸையும் ட்ரெபிளையும் உயர்த்துவதற்குப் பதிலாக நடுப்பகுதியைத் தாழ்த்தும் வகையில் அது வேலை செய்வதால், இரவில் மெல்லக் கேட்கும் உங்களுக்கு உதவும்.

எனக்கு அதைவிட உகந்ததாகத் தோன்றுவது, பாராமெட்ரிக் ஈக்வலைசர் (வேண்டிய அலைவெண்ணை மட்டும் தேர்ந்து ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு) உள்ளே வரும் ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபயர்கள். விம் ஆம்ப் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொலைபேசியிலேயே 3,000 ஹெர்ட்ஸைத் தேர்ந்து, அகலத்தைக் குறிக்கும் க்யூ மதிப்பை 1 என்று வைத்து, 2 டெசிபெல் கீழே இழுக்கலாம், போதாவிட்டால் 3. வயலின் மட்டும் பின்வாங்க, மிச்சம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த ‘வார்ம்’ ஆம்ப்ளிஃபயருக்கும் இவ்வளவு குறிபார்த்து அடிக்கத் தெரியாது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: ஒருநாள் கேட்ட ஒரு பாட்டை வைத்து இந்த எண்களை முடிவு செய்யாதீர்கள். நாகஸ்வரம் கோயில் வீதியில் தேரோடு போவதற்காகச் செய்யப்பட்ட வாத்தியம். அதன் பலமே இந்த 2,000 – 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான். 12 அடிக் கூடத்தில் அது குத்தாமல் ஒலித்தால், ஸ்பீக்கரில்தான் ஏதோ குறை என்று சந்தேகப்பட வேண்டும். சத்தத்தைக் கூட்டிக் காட்டவே உச்சங்களை நசுக்கி மாஸ்டர் செய்யப்பட்ட சமீப காலப் பாடல்களும் அப்படித்தான். அவை எல்லா வீட்டிலும் குத்தும். பழக்கமான நான்கைந்து குரல்களை, வெவ்வேறு ஆண்டுகளில் பதிவானவற்றை, எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட்டுக் கேட்க நேர்ந்தால், ஒலி அளவைச் சமப்படுத்தாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது நமக்குச் சத்தமாகத் தெரியாது. தெளிவாக, உயிரோடு இருப்பதாகத் தெரியும். அதே அளவு குறைந்தது ‘மென்மையாக’ இருப்பதாகத் தோன்றும், நீங்களும் மென்மையைத்தான் தேடி வந்திருக்கிறீர்கள். 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, முதலாவதில் 2.00 வோல்ட் என்றால் இரண்டாவதையும் 2.02-க்கு மேல் போகாமல் நிறுத்துங்கள், அதுதான் 0.1 டெசிபெல். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை, பணம் உங்களுடையது.

இத்தனையும் செய்து, திரை போட்டு, கம்பளம் விரித்து, ரெசிஸ்டர் மாட்டி, ஈக்வலைசரில் 3 டெசிபெல் இறக்கியும் இன்னும் குத்துகிறதென்றால், ஸ்பீக்கரைத்தான் மாற்ற வேண்டும். அறுபதாயிரம் அதற்குத்தான் இதுவரை காத்திருந்தது. அலுமினியம் என்பதாலேயே ட்வீட்டர் குத்தும் என்று எண்ணிவிடாதீர்கள். ட்வீட்டரில் அதிரும் உலோகக் கவிகையின் அதிர்வுச் சிக்கல் பெரும்பாலும் 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டித்தான் இருக்கிறது. பட்டுத் துணிக் கவிகையிலும் குத்துகிற ஸ்பீக்கர்கள் உண்டு. பக்கவாட்டு அளவீடுகள் வெளியாகியிருக்கும் மாடல்களாகப் பார்த்து இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, முடிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து, உங்கள் ரிசீவரிலேயே மாட்டிக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் கவர்ந்ததை நம்பாமல், குறைந்தது முக்கால் மணி நேரம் உட்காருங்கள். உங்கள் காது களைப்பது அரை மணிக்குப் பிறகுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.